ஏறாமல் நின்ற எண்

அக்டோபர் 24, செவ்வாய்

விடியும்போதே மழை. விஜயதசமி, நான் வேலை பார்க்கும் கணினி மையம் லீவு. வீடியோவை வெட்டித் தயார் செய்ய இந்த ஒரு நாள்தான் கிடைத்தது.

உட்கார்ந்தேன். நேற்று ஆயுத பூஜை. மானிட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு, சி.பி.யு. தலையில் ஒன்று, மவுசுக்கும் ஒன்று. எல்லாம் அம்மாவின் வேலை. துடைத்தேன். ஆன் செய்தேன்.

D டிரைவில் 'பாதை' ஃபோல்டர் திறக்கவே இல்லை. மேலே பச்சைக் கோடு பாதிவரை போய் நின்றது. டீ குடித்துவிட்டு வந்தேன், திறந்திருந்தது. வீடியோவை ஓடவிட்டேன். சானல் கரை, பாசனக் கால்வாய். பாடையின் முன்பக்கம் தண்ணீரில் இறங்குகிறது. அங்கேயே படம் உறைந்தது. உள்ளே 'டக்... டக்' என்று ஏதோ சத்தம். பிறகு திரையில் ஒரு பெட்டி: ஐ.ஓ. எரர். மறுபடி. மறுபடி. வேறு இடத்துக்கு காப்பி செய்து பார்த்தால் கொஞ்சம் போகிறது, வேகம் பூஜ்யமாகிறது, எரர். ஒரு சின்ன ஃபைலை அதில் எழுதிப் பார்த்தேன். அதுவும் பாதியில். படிக்கவும் மாட்டேன், எழுதவும் மாட்டேன் என்கிறது டிஸ்க்.

பதற்றத்தில் தலை ஓடவில்லை. எது போனால் எது போகும் என்று எழுதிப் பார்க்கிறேன்.

– ஜூன் மழையில் வசந்தா மாமி வீட்டுக்காரரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன வீடியோ. இடுப்பளவுத் தண்ணீர். முன்னால் போனவருக்குக் கால் வழுக்கிப் பாடை சாய்ந்து, பிணம் சானலுக்குள் விழுந்து, பிடித்துத் தூக்கினார்கள்.
– எடுத்தது என் சினேகிதி லிசி, அவள் போனில். நான் குடை பிடித்தேன். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இங்கே என்ன வேலை என்று ஏச்சு வாங்கிக்கொண்டே கரையில் நின்று எடுத்தோம்.
– போனில் இடமில்லை. என் கணினியில் ஏற்றியதும் அழித்தாள்.
– வேறு பிரதி: இல்லை.

நவம்பர் 1 கிராம சபை. அதில் இதைக் காட்டிப் பாதை கேட்பதாக மொத்தக் கீழத்தெருவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். கைதட்டலாம்.

அக்டோபர் 25, புதன்

தூறல். வேலைக்குப் போகும் வழியில் ஊராட்சி அலுவலகச் சுவரில் கிராம சபை நோட்டீஸ். நனைந்தபடி நின்று வாசித்தேன். ஏழாவது பொருள்: 'கீழத்தெரு சுடுகாட்டுப் பாதை, பணி நிறைவு, சபையின் பதிவுக்கு.'

நிறைவாம். ஊராட்சித் தலைவரின் வாழைத்தோட்டம் முடிகிற இடம்வரை சல்லி கொட்டி உருட்டினார்கள். அவர் குலை ஏற்ற டெம்போ போகிறது. அதற்கப்புறம் சானல், வரப்பு, சேறு. அந்தப் பக்கம் எங்கள் சுடுகாடு. மேலத்தெருக்காரர்களின் சுடுகாட்டுக்குத் தார் ரோடும் ஒரு சோலார் விளக்கும் இருக்கின்றன. சாதியை யாரும் எழுதி வைக்க வேண்டாம், இரண்டு பாதையையும் பார்த்தால் போதும்.

சபை இதைப் பதிவு செய்துவிட்டால் முடிந்தது. போட்ட ரோட்டுக்கு மறுபடி யார் ரோடு போடுவான்?

சாயங்காலம் டீக்கடை முக்கில் மணியண்ணன். ஊராட்சியில் ஒரு பதவியும் கிடையாது, ஆனால் தலைவர் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ஆள். சைக்கிளை மறித்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளே, உனக்க பெட்டி சீக்காமே? ஆசுவத்திரிக்குக் கொண்டு போவல்லியா?"

வீடியோ கெட்டுப்போன விஷயம் லிசிக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். அம்மா அண்டி ஆபீஸில், முந்திரி உடைக்கிற இடத்தில், பக்கத்தில் இருக்கிறவளிடம் புலம்பியிருக்கிறாள். பக்கத்தில் இருக்கிறவள் மணியண்ணனின் மைனி, அண்ணன் மனைவி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினேன். அவள் மீன் கழுவினாள். சாப்பிடும்போது பெரிய துண்டு என் தட்டில்.

அக்டோபர் 26, வியாழன்

லீவு சொன்னேன். சி.பி.யு.வை மழைக்கோட்டில் சுற்றி மடியில் வைத்து நாகர்கோவில் பஸ். கண்டக்டர் என்னைப் பார்த்தார், மடியைப் பார்த்தார். "கொழந்தைக்கு அர டிக்கெட் எடுக்கணும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான், வேறென்ன செய்ய.

மணிமேடைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் மாட்டினார், எரரைப் பார்த்தார், கழற்றாமலேயே முடிவு சொன்னார். டிஸ்க் போயிற்று, ஃபார்மெட் அடித்துப் பார்க்கலாம், இல்லையென்றால் புதுசு. உள்ளே இருப்பது வேண்டும் என்றேன்.

"உள்ள என்ன இருக்கு பிள்ளே, கல்யாண வீடியோவா?"

"சாவு வீடியோ."

அவர் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார். பெட்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி பார்ப்பார். கோபம் அந்த வார்த்தை மேல். 'ஃபார்மெட் அடிச்சிரலாம்.' உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துப் போடுவது. எங்கள் தெருவுக்கு எல்லா ஆபீஸிலும் கிடைக்கிற வைத்தியம் அதுதான்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "செரியாவுமா?" தெரியாது என்றேன்.

அக்டோபர் 27, வெள்ளி

மழை இல்லை, புழுக்கம். மையத்தில் ஆதார் திருத்த வந்தவர்கள் கூட்டம். இடைவேளையில் படித்தது முழுக்க ஹார்ட் டிஸ்க் பற்றி.

வீட்டுக் கணினி ஆன் ஆனதுமே தானாகக் கேட்கிறது: 'டிரைவில் பிழை உள்ளது, சரிசெய்யவா?' கை அந்தப் பொத்தான் வரை போனது. இழுத்துக்கொண்டேன். சரிசெய்கிறேன் என்று அது உள்ளே எழுதத் தொடங்கும். டிஸ்க் உண்மையிலேயே சாகிற நிலையில் இருந்தால் அதுவே கடைசி அடி. விதி 1: காரணம் தெரிகிறவரை அதில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது. சுவரில் பென்சிலால் எழுதி வைத்தேன். அம்மா ஏசினாள்.

டிஸ்க் தன் உடம்பைப் பற்றித் தானே குறித்து வைக்கும். அதைக் காட்டுகிற இலவச புரோகிராம் ஒன்று இறக்கினேன். பரீட்சை ரிசல்ட் பார்க்கிற மாதிரி திறந்தேன்.

– கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்கள்: 0.
– படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்கள்: 0.
– சி.ஆர்.சி. எரர்: 412.

மூன்றாவது வரியைத் தேடிப் படித்தேன். டிஸ்க்கிலிருந்து போர்டுக்குத் தகவல் போகும்போது வழியில் எத்தனை தடவை சிதைந்தது என்கிற எண்ணிக்கை. வீடியோவைத் தொட்டேன், எரர். திரும்பப் பார்த்தால் 430. இன்னொரு தடவை, 451.

சாகவில்லை! டிஸ்க்குக்குள் சுழலும் தட்டில் ஒரு கீறல் இல்லை. சரக்கு பத்திரம், வந்துசேர வழிதான் இல்லை. எங்கள் தெரு மாதிரியே என்று நினைத்துத் தனியாகச் சிரித்தேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ரெண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள், நான் சிரித்ததால் அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 28, சனி

மதியத்துக்கு மேல் வீட்டில். வழியில் கோளாறு என்றால் சந்தேகம் யார் யார் மேல்?

கரண்ட். எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரின் கடைசி. ஆறு மணிக்கு ட்யூப்லைட் கண் சிமிட்டும். அதுதான் காரணம் என்று மனசு குதித்தது, ஏனென்றால் மின்வாரியத்தை ஏசலாம். மத்தியானம் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது பார்த்தேன். அதே எரர். எனக்குப் பிடித்த காரணம் உண்மையான காரணமாக இருக்க வேண்டியதில்லை. (இதைச் சாதி விஷயத்திலும் யாராவது எனக்குச் சொல்லட்டும். இரண்டு பாதை இருக்கிறதே, அதற்கு என்ன சொல்வார்கள்?)

கேபிளின் மறுமுனையைப் போர்டில் இருக்கும் வேறு துளைக்கு மாற்றினேன். எரர்.

கேபிள். மையத்தின் பழைய பெட்டியிலிருந்து ஒன்று கேட்டு வாங்கி வந்திருந்தேன். ஹார்ட் டிஸ்க் கூட்டுக்குள் திரும்பி உட்கார்ந்திருக்கிறது, முனை கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவித்தான் மாட்ட வேண்டும். மாட்டினேன். ஓடியது! ஃபோல்டர் உடனே திறந்தது. பாடை தண்ணீருக்குள் இறங்கியது, நேற்று வரை உறைந்த இடத்தைத் தாண்டியது. கத்திக்கொண்டே எழுந்தேன். மேசையில் முட்டினேன். மேசை ஆடியது. எரர்.

சவத்தெழவு.

முட்டியில் ரத்தம் கட்டி நீலம். இன்றைக்கு இவ்வளவுதான்.

அக்டோபர் 29, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

பூசை முடிந்து, கோயிலுக்குப் போட்ட நல்ல சுடிதாரோடு லிசி நேராக இங்கே. அவளுக்குத் திங்கள்சந்தையில் மொபைல் சர்வீஸ் கடையில் வேலை. கைப்பையில் ஜெபமாலையும் ஸ்க்ரூ டிரைவர் செட்டும். கேட்டதும் முதல் கேள்வி: "ஏட்டி, டிஸ்க்க வெளிய எடுத்துப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஸ்க்ரூ துருப்பிடித்து இறுகியிருந்தது, விட்டுவிட்டேன். அவள் தரையில் சம்மணமிட்டாள். நான் டார்ச். ஸ்க்ரூவுக்கு ஒரு சொட்டு தேங்காயெண்ணெய், காத்திருந்து ஒரு திருகு. டிஸ்க் வெளியே வந்தது. கேபிளை உருவினாள். முகர்ந்தாள்.

"சந்தனம் மணக்கு."

டிஸ்க்கின் பொன்னிற முள் வரிசை மேல் காய்ந்த சந்தனம். அதன் நடுவே, பள்ளத்துக்குள் இறங்கி, குங்குமம். கேபிள் முனைக்குள்ளும் அதே. கேபிளும் சிவப்பு, குங்குமமும் சிவப்பு. மாற்றும்போது பழைய கேபிளை ஒழுங்காகப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. மாற்றுக் கேபிளை மாட்டியபோது கொஞ்சம் சுரண்டிப்போய்ச் சற்று நேரம் ஓடியிருக்கிறது, ஆட்டியதும் மறுபடி ஒட்டிக்கொண்டது. ஈரமாக வைத்த பொட்டு, குங்குமத்தில் சுண்ணாம்பு வேறு, முள் நுனியெல்லாம் மங்கியிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். உடனே புரிந்துவிட்டது, முந்தானையைக் கையில் சுருட்டினாள்.

"நீதானே மக்கா சொன்ன, எல்லாம் இந்த டப்பாக்குள்ளதான் இருக்குன்னு. மத்ததுக்கெல்லாம் மேல வச்சேன். இதுக்கு மட்டும் நல்லா வச்சேன்."

"வயர எதுக்கும்மா கழத்துன?"

"கழத்தாம எப்பிடி தொடைக்கது?"

ஈரத் துணியால் துடைத்து, பன்னீர் தெளித்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, வயரை இருந்தபடியே திரும்பச் சொருகியிருக்கிறாள். தையல் மிஷினுக்கு எப்படிச் செய்வாளோ அப்படி. பக்க மூடி இருந்திருந்தால் கை உள்ளே போயிருக்காது. அந்த மூடி, சூடாகிறது என்று நான் கழற்றிப் போட்டது, இப்போது அரிசிப் பானைக்கு மூடி.

கோபம் வரும் என்று நினைத்தேன். லிசிதான் முதலில் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. பிறகு என்னால் முடியவில்லை. அம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, சரி, பெட்டி சாகவில்லை என்று தெரிந்துகொண்டு, "ரெண்டும் சாப்பிட்டியளா?" என்றாள்.

வேலை. கடையில் போர்டு கழுவுகிற ஸ்பிரிட்டை லிசி ஒரு சின்னக் குப்பியில் கொண்டு வந்திருந்தாள். புது டூத் பிரஷ். முள் வரிசையை நீளவாக்கில் மட்டும், பைய. பஞ்சு சிவந்து சிவந்து வந்து கடைசியில் வெள்ளையாகவே வந்தது. ஃபேனுக்குக் கீழே காயவிட்டோம். அதற்குள் சோறும் அயலைக் குழம்பும். முனை தெரியும்படி டிஸ்க்கைத் திருப்பி வைத்து, லிசி கொண்டு வந்த புதுக் கேபிள். 'கிளிக்' என்று பூட்டுகிற ரகம்.

ஆன்.

சி.ஆர்.சி. எண் 503. வீடியோவைத் தொட்டேன். ஓடியது. முழுக்க ஓடியது. 503. காப்பி போட்டேன். கோடு நேராக, தடங்கல் இல்லாமல். 503. மேசையை நானே உதைத்தேன். 503!

இந்த எண் இனி குறையாது. நடந்தது நடந்ததுதான் என்று டிஸ்க் எப்போதும் வைத்திருக்கும். ஏறாமல் நின்றால் அதுதான் குணம். அம்மாவிடம் இதை விளக்கினேன். "அப்போ இனிமே நல்லா ஓடும், அவ்வளவுதானே" என்றாள். அவ்வளவுதான்.

பிரதிகள்: லிசி போன். என் போன். பென் டிரைவ். மையத்துக் கணினி (நாளை). விதி 2 சுவரில்: ஒன்று என்றால் ஒன்றுமில்லை.

அக்டோபர் 30, திங்கள்

வெயில். சாயங்காலம் வசந்தா மாமி வீட்டுக்குப் போனேன். இதுவரை மாமி அந்த வீடியோவைப் பார்த்ததில்லை. இங்கே பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. பாடை சாய்ந்த விஷயம் தெரியும், யாரும் அவளிடம் முழுதாகச் சொன்னதில்லை.

காட்டுவதா வேண்டாமா என்று அவள் வாயிலிருந்து வராமல் நான் யாருக்கும் காட்ட மாட்டேன் என்றேன். முகத்தை மங்கலாக்கவும் முடியும் என்றேன். மாமி போனை வாங்கி முழுக்கப் பார்த்தாள். பிணம் தண்ணீரில் விழுந்த இடத்தில் அவள் விரல் திரையைத் தொட்டது, படம் நின்றது. நான்தான் மறுபடி ஓடவிட்டேன். முடிந்ததும் போனை முந்தானையால் துடைத்தாள்.

"முகம் தெரியட்டும். அவரு வெக்கப்பட ஒண்ணும் இல்ல பிள்ளே. வெக்கப்படுறவன் படட்டும்."

பிறகு கேட்டாள்: "எனக்க போன்லயும் இத ஏத்தித் தருவியா?"

அங்கேதான் யோசனை வந்தது. மாமி போனில் மட்டும் ஏன்?

அக்டோபர் 31, செவ்வாய்

தெருவின் வாட்ஸாப் குரூப்பில் போடவில்லை, அதில் மணியண்ணன் இருக்கிறார். வீடு வீடாக, போன் போனாக, கேபிளில். நானும் லிசியும் ஆளுக்கொரு வரிசை. போனில் இடமில்லை என்றவர்களிடம் குட்மார்னிங் படங்களை அழிக்கச் சொன்னேன். ரோஜாப்பூவில் ஒருவருக்கும் விட மனமில்லை. ஒரு சித்தப்பா, "முருகன் படத்த மட்டும் அழிக்காத" என்று பக்கத்திலேயே காவல் நின்றார்.

மணியண்ணன் சைக்கிளில் ஒரு ரவுண்டு வந்தார். பெட்டி என்னாச்சு என்று கேட்டார். செத்துப்போச்சு அண்ணே, கடைக்காரரே சொல்லிவிட்டார் என்றேன். இதில் பொய் எதுவும் இல்லை. சுற்றி நின்ற மொத்தத் தெருவும் முகத்தைத் தொங்கவிட்டது. என் அம்மா கண்ணைக்கூடத் துடைத்தாள். இவ்வளவு நடிப்பை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அண்டி உடைத்திருக்கிறாள்.

அவர் முக்கு திரும்பியதும் தெரு சிரித்த சிரிப்பு தலைவர் வீடுவரை கேட்டிருக்கும்.

நவம்பர் 1, புதன்

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், மாவட்டத்துக்கு லீவு. வானம் மூட்டம், மழை இல்லை. பள்ளிக்கூட ஷெட்டில் சபை. மேலத்தெருக்காரர்கள் நாற்காலியில், நாங்கள் ஜமுக்காளத்தில். நாற்காலி போதவில்லையாம். வருஷா வருஷம் போதாது.

ஒன்றியத்திலிருந்து பற்றாளர், அதாவது சபையைப் பார்க்க வரும் அதிகாரி. இளவயது, புது ஷூ. ஊராட்சிச் செயலர் மளமளவென்று வாசித்தார். ஏழாவது பொருள் வந்தது. 'பணி நிறைவு.' எழுந்தேன். பாதை போடப்படவில்லை, வீடியோ ஆதாரம் இருக்கிறது, சபையில் காட்ட வேண்டும் என்றேன்.

காட்டுவதற்கு டி.வி. இல்லை என்றார் தலைவர். பின்னாலிருந்து மணியண்ணன்: "அவளுக்க பெட்டிதான் செத்துப்போச்சே."

"பெட்டி வேண்டாம் அண்ணே."

வசந்தா மாமி எழுந்தாள். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள், சத்தம் முழுக்க வைத்து. தண்ணீரைக் கிழிக்கிற சளசளப்பு. பிறகு என் அம்மா. முருகன் படச் சித்தப்பா. அப்புறம் ஜமுக்காளம் முழுக்க. எல்லாரும் ஒரே நேரத்தில் அமுக்கவில்லை, அதனால் ஒரு போனில் பாடை கரையில் நிற்கிறது, இன்னொன்றில் சாய்கிறது, மற்றொன்றில் விழுந்தாயிற்று. "பிடிலே, தலப்பக்கம் பிடிலே" என்ற குரல் ஓய்ந்த இடத்தில் வேறு கையிலிருந்து மறுபடி கிளம்பியது. அந்தக் குரல் ஓயவே இல்லை. தலைவர் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது.

பற்றாளர் இறங்கி வந்தார். மாமிக்குப் பக்கத்தில் நின்று முழுக்கப் பார்த்தார். இது எந்த இடம் என்று கேட்டார்.

மாமி சொன்னாள்: "வாருங்கோ. நடக்குற தூரந்தான்."

மொத்தச் சபையும் நடந்தது. நாற்காலிக்காரர்களிலும் பாதிப்பேர் வந்தார்கள், இரண்டு மூன்று பேர் என்னைப் பார்த்துத் தலையைக்கூட அசைத்தார்கள். சல்லி வாழைத்தோட்டத்தோடு முடிந்தது. பற்றாளர் நின்றார். ஷூவைக் கழற்றினார், பேண்ட்டைச் சுருட்டினார், சானலில் இறங்கினார். போன வாரம் பெய்த மழைத் தண்ணீர். முழங்காலுக்கு மேல் போனதும் நின்று திரும்பி எங்களைப் பார்த்தார்.

தீர்மானம் திருத்தி எழுதப்பட்டது: பணி நிறைவடையவில்லை, நிலம் அளந்து, சானலுக்கு மேல் பாலத்தோடு சுடுகாடு வரை பாதை. முதல் கையெழுத்து வசந்தா மாமி. நிறுத்தி நிதானமாகப் போட்டாள். அடித்த 'பணி நிறைவு' கோட்டுக்குக் கீழே இன்னும் வாசிக்கக் கிடக்கிறது. கிடக்கட்டும். போட்டோ எடுத்து வைத்தேன், நாலு இடத்தில்.

திங்கட்கிழமை சர்வேயர் வருவாராம். வராவிட்டால் போன்கள் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் கணினியை ஆன் செய்தேன். 503. அம்மா அரிசிப் பானை மேலிருந்த மூடியை எடுத்துக் காய்ந்த துணியால் துடைத்துக் கொண்டு வந்தாள். ஸ்க்ரூ எல்லாம் போட்டு இறுக்கினேன். பானைக்கு இனி தட்டு.

அடுத்த வருஷம் பொட்டு எங்கே வைக்கட்டும் என்று கேட்டாள்.

மூடிக்கு மேல வை அம்மா. எவ்வளவு பெரிசா வேணும்னாலும் வை.